ஸ்பின் வால்வு மென்படல உணரியின் வெப்பத் தாங்குதிறனை உயர்த்துதல்: படிமுறை வழிகாட்டி

வன்தட்டின் வாசிப்புத் தலைக்குள் இருக்கும், ஸ்பின் வால்வு எனப்படும் பல மென்படைகளாலான காந்த உணரி, தட்டு முதன்முதலாகச் சுழலும் முன்பே தன் வாழ்நாளின் மிகக் கடுமையான வெப்பத்தைச் சந்தித்துவிடுகிறது. உணரியை முதலில் பூசி, அதன்மேல் எழுதும் சுருளைக் கட்டி, சுருளைச் சூழ்ந்த காவலிப் பிசினை 200 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் சூடாக்கி இறுக்குவது வழமையான உற்பத்தி ஒழுங்கு. அதற்குப் பின்னர், பாவனையில் இருக்கும் காலம் முழுவதும், தன்னூடாகப் பாயும் மின்னோட்டத்தின் சூட்டை அது தாங்கவேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்துச் சிறிய ஆய்வுகூடமொன்றில் இந்த வேலையைப் பல தடவை செய்துபார்த்து, புதிதாக வந்த பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகே இதை எழுதுகிறேன். எங்களிடம் படலம் பூசும் இயந்திரம் இல்லை. அடுக்கை இங்கே வடிவமைத்து, வெளியே பூசுவித்து, பதப்படுத்தலையும் (காந்தப்புலத்தில் சூடாக்கி ஆறவிடுவது) அளவீட்டையும் இங்கே செய்கிறோம். உங்கள் நிலைமையும் அதுவாக இருந்தால் கீழே உள்ள ஒழுங்கு அப்படியே பொருந்தும்.

வெப்பம் இந்த உணரியை இரண்டு வழிகளில் கெடுக்கும். ஒன்று, காந்தத் திசையைக் குலைப்பது, இது மீளக்கூடியது. மற்றது, படைகளை ஒன்றோடொன்று கலப்பது, இது மீளாதது. இரண்டுக்கும் பரிகாரம் வேறு. சில வேளைகளில் ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றதை மோசமாக்கும். ஆகவே எது நடந்தது என்று பிரித்தறியும் வரை அடுக்கில் ஒரு நானோமீற்றரைக்கூட மாற்றக்கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் ஆறு மாத வேலையை இழக்கிறார்கள்.

1. தொடங்குமுன் கைவசம் இருக்கவேண்டியவை

ஒரே சிலிக்கன் வேபரிலிருந்து (படலம் பூசிய வட்டத் தகடு) வெட்டிய குறைந்தது 12 துண்டுகள் வேண்டும். வேபரின் நடுவிலும் ஓரத்திலும் படலத் தடிப்பு சற்றே வேறுபடுவதால், நடுப்பகுதித் துண்டுகளை ஒரு தொகுதியாகவும் ஓரத் துண்டுகளை வேறொரு தொகுதியாகவும் பிரித்து வையுங்கள். இரண்டு துண்டுகளைச் சூடாக்காமல் ஒப்பீட்டுக்காகவே ஒதுக்கிவிடவேண்டும்.

துண்டுகளைச் சதுரமாக வெட்டவேண்டாம். 8 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் நீளமுமாக வெட்டுங்கள். பூசும்போது இருந்த காந்தப்புலத்தின் திசை நீளப்பக்கத்தோடு ஒத்துப்போகட்டும். சதுரத் துண்டு கையிலிருந்து ஒரு தடவை உருண்டுவிட்டால் அதன் திசை எது என்று எவராலும் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் வைரமுனையால் ஓர் அம்புக்குறியும் இலக்கமும் கீறிவிட்டால் இன்னும் நல்லது. பேனா மை சூளைக்குள் ஆவியாகிப் படலத்தின் மேலேயே படியும். அதை நாங்கள் பட்டறிந்துதான் கற்றுக்கொண்டோம்.

வெற்றிடக் குழாய்ச் சூளை ஒன்று, அதற்கு வெளியே வைக்கக்கூடிய காந்தம், தடையை அளக்கும் நான்கு முனை ஆய்கோல், அளவீட்டுக்கான மின்காந்தம், காந்தப்புலமானி ஆகியவை கருவிகள். வெற்றிடம் ஒரு மில்லிபாரின் லட்சத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். 5 நானோமீற்றர் மேல்மூடியைக் கொண்ட படலத்துக்கு மிஞ்சிய ஒட்சிசன் சிறிதளவானாலும் போதும், அது கீழே இறங்கிவிடும்.

வெப்பநிலையை அளக்கும் இரு கம்பி இணைப்பான வெப்பவிணையைத் தெரிவதில் ஒரு பொறி உண்டு. கடைகளில் இலகுவாகக் கிடைக்கும் கே வகை வெப்பவிணையின் ஒரு கம்பி அறை வெப்பநிலையில் காந்தத்தன்மை உடையது. வலிமையான புலத்தில் அது இழுபட்டுத் துண்டைத் தட்டிவிடும், வாசிப்பும் பிசகக்கூடும். இரு கம்பிகளும் காந்தத்தன்மையற்ற ஈ வகையைப் பாவியுங்கள். அதன் முனை துண்டுத் தாங்கியைத் தொடவேண்டும். சூளையின் சுவரில் ஒட்டிய வெப்பவிணை 250 என்று காட்டும்போது துண்டு 230-இல் இருப்பது சாதாரணம். இந்த வேலையில் 20 பாகை என்பது பெரிய வித்தியாசம்.

மாரி காலத்தில் துண்டுகளை ஈரமுறிஞ்சிப் பெட்டிக்குள் வையுங்கள்; சிலிக்கா மணிகளின் நிறத்தைப் பார்த்து அவ்வப்போது வறுத்தெடுங்கள். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் தொல்லை வேறு விதமாக வரும். வடிவம் செதுக்கிய சிறு உணரிகளை உடலில் தேங்கும் நிலைமின் ஒரே தொடுகையில் எரித்துவிடும். எரிக்காவிட்டாலும், திசை மாறாமல் நிற்கவேண்டிய நிலைப் படையின் திசையைப் புரட்டிவிடும். அப்படிப் புரண்டதை வெப்பத்தின் குற்றம் என்று எழுதிவைத்த அறிக்கைகளை நான் திருத்தியிருக்கிறேன். நிலத்தொடுப்புள்ள மணிக்கட்டுப் பட்டி அணியாமல் அவற்றைத் தொடவேண்டாம்.

2. அடுக்கைக் கீழிருந்து மேலாக வாசித்தல்

எடுத்துக்காட்டாக, நாம் கையாளும் அடுக்கு இது: தந்தாலம் 5, நிக்கல்-இரும்பு 2, இரிடியம்-மங்கனீசு 7, கோபாற்று-இரும்பு 2, உருத்தேனியம் 0.8, கோபாற்று-இரும்பு 2, செப்பு 2, கோபாற்று-இரும்பு 1, நிக்கல்-இரும்பு 3, தந்தாலம் 5. தடிப்பெல்லாம் நானோமீற்றரில்.

கீழ்த் தந்தாலமும் முதல் நிக்கல்-இரும்பும் விதைப் படைகள். மேலே வளரும் பளிங்குமணிகளின் திசையையும் பருமனையும் அவையே தீர்மானிக்கின்றன. இரிடியம்-மங்கனீசு என்பது எதிர்ப்பெரோகாந்தப் (அயல் அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்கும்) பிடிப்புப் படை. தன்னைத் தொட்டிருக்கும் கோபாற்று-இரும்பின் திசையை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. உருத்தேனியத்தின் இருபுறமும் உள்ள இரு கோபாற்று-இரும்புப் படைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பிணைந்து நிலைப் படைத் தொகுதியாகின்றன. செப்பு இடைப்படை. அதற்கு மேலுள்ள கோபாற்று-இரும்பும் நிக்கல்-இரும்பும் சேர்ந்து, வெளிப்புலத்துக்கு ஏற்பத் திரும்பும் சுயாதீனப் படை. நிலைப் படையும் சுயாதீனப் படையும் ஒரே திசையில் நிற்கும்போது தடை குறைவு. எதிர்த்திசையில் நிற்கும்போது தடை கூடுதல். உணரி வாசிப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

இந்த இடத்தில் புதியவர்கள் அட்டவணையில் கியூரி வெப்பநிலைகளை, அதாவது உலோகம் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலைகளைத் தேடுவார்கள். நிக்கலுக்கு 354, இரும்புக்கு 770, கோபாற்றுக்கு 1115 பாகை செல்சியஸ் என்று கண்டதும் 250 பாகையில் பயமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த எண்கள் இங்கே எல்லையை வகுப்பதில்லை. எல்லையை வகுப்பது பிடிப்புப் படையின் தடுப்பு வெப்பநிலை, அதாவது பிடிப்பு முற்றாக விடுபடும் வெப்பநிலை. மெல்லிய இரிடியம்-மங்கனீசுக்கு அது ஏறத்தாழ 250 முதல் 280 வரை. பிளாற்றினம்-மங்கனீசுக்கு 300-ஐத் தாண்டும். பழைய இரும்பு-மங்கனீசுக்கு 150-ஐ அண்டியது. அது இலகுவில் அரிப்புக்கும் ஆளாகும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம்.

இன்றைய வன்தட்டுத் தலைகளில் செப்புக்குப் பதிலாக மகனீசியம் ஒட்சைட்டுத் தடுப்பைக் கொண்ட, அந்தத் தடுப்பை இலத்திரன்கள் ஊடுருவிப் பாயும் சுரங்கத் தடை உணரிகளே உள்ளன. இருந்தும் பிடிப்புப் படைத் தொகுதி இரண்டிலும் ஒரே மாதிரியானது. செப்பு அடுக்கைச் செதுக்காமலே முழுத் துண்டாக அளக்கலாம் என்பதால் அதில் பழகிவிட்டுச் சுரங்கத் தடைக்குப் போவது செலவு குறைந்த வழி.

3. சூடாக்குமுன் நான்கு எண்களைப் பதிதல்

ஒவ்வொரு துண்டிலும் புலத்தை நேர்த்திசையிலும் எதிர்த்திசையிலும் மாற்றித் தடை-புல வரைபை எடுங்கள். அதிலிருந்து நான்கு எண்கள் வேண்டும்: இரு படைகளும் ஒத்த திசையில் உள்ளபோது தடை, தடைமாற்றச் சதவீதம் (எதிர்த்திசைத் தடை ஒத்த திசைத் தடையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பது), நிலைப் படை புரளும் புலம், சுயாதீனப் படையின் வளையம் பூச்சியத்திலிருந்து விலகியுள்ள அளவு. மூன்று மாதம் கழித்து என்ன கெட்டது என்று சொல்லப்போவது இந்த நான்கும்தான். தடைமாற்றச் சதவீதத்தை மட்டும் பதிந்து வைப்பவர்கள் இரண்டு வகைக் கேட்டையும் பிரித்தறிய முடியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

வரைபைப் பெரிய புலம்வரை ஒரு தடவையும், சுயாதீனப் படை மட்டும் திரும்பும் சிறிய புலத்துக்குள் இன்னொரு தடவையும் எடுக்கவேண்டும். முதலாவதில் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் கூடியிருப்பதால் சிறிய விலகல் அதில் தெரியாது.

அலகுகளில் கவனம் வேண்டும். பழைய கட்டுரைகள் எஸ்டெட்டில் எழுதும். உங்கள் புலமானி மில்லி தெசலாவில் காட்டும். காற்றில் 1 மில்லி தெசலா 10 எஸ்டெட்டுக்குச் சமன். இந்தப் பத்து மடங்கைத் தவறவிட்டு, 50 மில்லி தெசலா தேவைப்பட்ட இடத்தில் 5 கொடுத்துவிட்டு, நிலைப் படை அசையவே இல்லை, பிரமாதம் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

நான்கு முனை ஆய்கோலில் சதுரத் தடையை (படலத்தின் ஒரு சதுரத்துக்குரிய தடை) கணிக்கும் 4.532 என்ற காரணி எல்லையற்ற பெரிய தாளுக்கு உரியது. சிறிய துண்டுக்கு அது குறையும். நமக்கு வேண்டியது முன்-பின் ஒப்பீடு என்பதால், காரணியைத் திருத்துவதைவிட ஆய்கோலை ஒவ்வொரு தடவையும் துண்டின் அதே இடத்தில் வைப்பதே முக்கியம். ஒரு மட்டையில் துண்டின் அளவுக்குப் பள்ளம் வெட்டி வைத்தால் வேலை முடிந்தது.

4. புலத்தில் பதப்படுத்தும் ஒழுங்கு

வயல் சேற்றில் மாடு நடந்த குளம்புத் தடம், சேறு காயும்போது எப்படிக் கிடந்ததோ அப்படியே இறுகிவிடும்; பின்னர் மழை பெய்து இளகும் வரை அதை மாற்ற முடியாது. பிடிப்புப் படையும் அப்படித்தான். தடுப்பு வெப்பநிலைக்கு மேலே அது இளகிய சேறு. குளிரும்போது அருகிலுள்ள கோபாற்று-இரும்பு எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசையே பதிந்து இறுகும். ஆகவே இந்தப் படியில் மிக முக்கியமான பகுதி சூடாக்கல் அன்று, குளிர்த்தல்.

ஒழுங்கு இதுதான். முதலில் வெற்றிடம், பிறகு புலம், பிறகு வெப்பம். இலக்கு வெப்பநிலையில் வைத்திருந்த பின், புலத்தை விடாமல் குளிரவைத்து, 100 பாகைக்குக் கீழே வந்ததும் புலத்தை அகற்றி, 50-க்குக் கீழே வந்த பின்னரே காற்றை விடவேண்டும். வெற்றிடத்தை முதலில் எடுப்பது, சூடேறும்போது குழாய்ச் சுவரிலிருந்து கழலும் நீராவி படலத்தைத் தாக்காமல் இருப்பதற்காக. 100-க்கு மேலே புலத்தை அகற்றினால், சிறிய பளிங்குமணிகள் இன்னும் இறுகாமல் இருக்கும். அவை தங்கள் விருப்பப்படி திரும்பிவிடும்.

இரிடியம்-மங்கனீசுக்கு 250 முதல் 270 பாகையில் அரை மணி தொடக்கம் ஒரு மணி வரை போதும். பிளாற்றினம்-மங்கனீசின் கதை வேறு. பூசியவுடன் அதன் பளிங்கமைப்பு ஒழுங்கற்றது. அந்த நிலையில் அது பிடிப்பே தராது. 250 முதல் 280 பாகையில் சில மணி நேரம் வைத்தால்தான் ஒழுங்கான அமைப்புக்கு மாறும். அரை மணியில் எடுத்துவிட்டு, பிளாற்றினம்-மங்கனீசு வேலைக்கு உதவாது என்று எழுதிவிடவேண்டாம்.

புலத்தின் அளவில் அடிக்கடி தவறு நடக்கிறது. தனி நிலைப் படையாக இருந்தால் 0.1 தெசலா தாராளம். உருத்தேனியத்தின் மேல் கீழ் இரு படைகள் எதிரெதிராகப் பிணைந்திருந்தால் அந்தப் பிணைப்பை முறித்து இரண்டையும் ஒரே திசைக்குக் கொண்டுவரவேண்டும். பிணைப்புச் சக்தி சதுர மீற்றருக்கு 1 மில்லியூல், படை ஒவ்வொன்றும் 2 நானோமீற்றர் என்று எடுத்துக் கணித்தால், அதற்கு ஏறத்தாழ 0.7 தெசலா வேண்டும். எனவே 1 தெசலாவை இலக்காக வையுங்கள். 0.2 அல்லது 0.3 தெசலாவில் பதப்படுத்தினால், சமநிலையான இரு படைகளும் கத்தரிக்கோலின் அலகுகள்போல விரிந்து, புலத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். அந்தத் திசையே இறுகிவிடும். பிறகு வரைபைப் பார்த்தால் படி வடிவம் இராது; சரிந்த ஒரு கோடுதான் இருக்கும்.

காந்தத்தைத் தெரியும்போது எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 2022-இல் மின்வெட்டு நாளாந்த வழமையாகியிருந்த காலத்தில், அறிவித்த நேரத்துக்கு முன்பே மின் போனது. துண்டு 265 பாகையில் இருந்தது. மின்காந்தம் அந்தக் கணமே செயலிழந்தது. சூளையின் செங்கல் உறை சூட்டை விடவில்லை. துண்டு இரண்டு மணி நேரம் புலமே இல்லாமல் ஆறியது. கணினிக்கு மட்டும் மின்கலக் காப்பு இருந்ததால், வெப்பநிலை இறங்கிய வரைபு மட்டும் மிக அழகாகப் பதிவாகியிருந்தது. முன்பு 7 சதவீதத்தை அண்டியிருந்த தடைமாற்றம் 2-க்குக் கீழே போய்விட்டது. அந்தத் துண்டை எறியாமல் மறுநாள் மீண்டும் புலத்தில் பதப்படுத்தினோம். முழுவதும் திரும்பி வந்தது. அடுத்த படியில் வரும் சோதனை அந்த விபத்திலிருந்து பிறந்ததுதான்.

அன்றிலிருந்து நிலைக்காந்தத்தைத்தான் பாவிக்கிறோம். சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 பாகைக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும் என்பதால், அதைக் குழாய்க்கு வெளியே, இடையில் நீர் ஓடும் உறையுடன் வையுங்கள். சமேரியம்-கோபாற்றுக் காந்தம் இதைவிடப் பல மடங்கு சூட்டைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. மின்வெட்டு வரும் இடங்களில் வெற்றிடப் பம்பிக்கும் குழாய்க்கும் இடையில், மின் போனதும் தானாக மூடும் வால்வு அவசியம். இல்லாவிட்டால் பம்பியின் எண்ணெய் ஆவி சூடான படலத்தைத் தேடி வரும்.

5. எது கெட்டது என்று பிரித்தறிதல்

இப்போது பதப்படுத்திய துண்டுகளை, புலமில்லாமல், 150, 200, 250, 300 பாகையில் தலா அரை மணி சூடாக்கி, அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அளவுங்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதிய துண்டு. ஒரே துண்டை நான்கிலும் சூடாக்கினால், 300-இல் கண்ட கேடு முந்தைய மூன்றின் கூட்டா, அந்த ஒன்றின் விளைவா என்று சொல்ல வழியில்லை.

சூடாக இருக்கும்போது அளந்த தடைமாற்றத்தைக் கொண்டு முடிவெடுக்கவேண்டாம். வெப்பநிலை ஏறும்போது அது இயல்பாகவே குறையும், ஆறியதும் திரும்பிவிடும்.

ஆறிய துண்டில் முதலில் பார்க்கவேண்டியது ஒத்த திசைத் தடை. அது மாறாமல் இருக்க, எதிர்த்திசைத் தடை மட்டும் குறைந்து தடைமாற்றம் வீழ்ந்திருந்தால், நிலைப் படையின் பகுதிகள் வெவ்வேறு திசைகளுக்குச் சிதறியுள்ளன, படைகள் கலக்கவில்லை. ஒத்த திசைத் தடையே ஏறியிருந்தால் படைகள் ஒன்றோடொன்று கரைந்திருக்கலாம், அல்லது மேற்பரப்பு ஒட்சியேற்றம் அடைந்திருக்கலாம். முதல் சூடாக்கலில் தடை சற்றே இறங்குவதும் உண்டு. பூசும்போது உண்டான குறைபாடுகள் நீங்குவதால் வருவது அது, கேடு அன்று. சுயாதீனப் படையின் வளையம் பூச்சியத்திலிருந்து மேலும் விலகியிருந்தால், செப்பின் இரு முகங்களும் கரடுமுரடாகிவிட்டன, அல்லது செப்பில் துளை விழுந்துவிட்டது.

பிறகு தீர்ப்புச் சோதனை: கெட்ட துண்டை நான்காம் படியின்படி முழுப் புலத்தில் மீண்டும் பதப்படுத்துங்கள். எண்கள் திரும்பினால் ஆறாம் படிக்குப் போங்கள். திரும்பாவிட்டால் ஏழாம் படிக்கு. பாதி திரும்பினால் இரண்டு கேடும் இருக்கிறது. முதலில் ஏழாம் படியைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் கலந்துபோன அடுக்கில் பிடிப்பை அளப்பதில் அர்த்தமில்லை.

6. திசை குலைந்தால்: பளிங்குமணியின் பருமனைக் கவனித்தல்

பிடிப்புப் படை ஒரே கட்டியன்று. ஆயிரக்கணக்கான பளிங்குமணிகளின் கூட்டம். ஒவ்வொரு மணியும் தனித்தனியே வெப்பத்தோடு மல்லுக்கட்டுகிறது. ஒரு மணியின் திசைமாறாச் சக்தி, அதாவது திசை புரளாமல் தடுக்கும் சக்தி, அதன் கனவளவுக்கு நேர்விகிதம். அது வெப்பச் சக்தியின் எத்தனை மடங்கு என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது, அதுவும் அடுக்குக்குறியாக.

கணித்துப் பாருங்கள். திசைமாறாச் சக்தி கன மீற்றருக்கு ஐந்தரை லட்சம் யூல் என்றும், அடிப்படைக் காலம் (மணி புரள எத்தனிக்கும் இடைவெளி) ஒரு நானோசெக்கன் என்றும் எடுப்போம். 7 நானோமீற்றர் தடிப்பும் 8 நானோமீற்றர் விட்டமும் உள்ள உருளை மணி, 27 பாகையில் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டு திசையைக் காக்கும். அதே மணி 125 பாகையில் ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும். இப்போது விட்டத்தை 7 நானோமீற்றராகக் குறையுங்கள்: 125 பாகையில் அதன் ஆயுள் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. ஒரே ஒரு நானோமீற்றர்! நடைமுறையில் அந்தச் சக்தியே வெப்பத்தோடு குறைவதால் நிலைமை இதைவிட மோசம். சராசரி மணி எப்படி இருந்தாலும், கூட்டத்தின் சின்ன மணிகளே முதலில் விழுகின்றன என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

எனவே முதலில் விதைப் படையைத் திருத்துங்கள். மணிகள் பெரிதாகவும், ஒரே பருமனாகவும், அணுக்கள் அடர்ந்த தளம் மேலே பார்க்கும்படியும் வளர அது உதவவேண்டும். தந்தாலத்தின் மேல் நிக்கல்-இரும்போ நிக்கல்-குரோமியமோ வைப்பது இதற்காகத்தான். அடுத்த வேபரில் இந்தப் படையின் தடிப்பை மட்டும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பூசுவியுங்கள். பிடிப்புப் படையைத் தடிப்பாக்குவது இரண்டாவது வழி. கனவளவு கூடும், ஆனால் வாசிப்புத் தலையில் அயல் புலத்தைத் தடுக்கும் இரு காப்புப் படைகளுக்கு இடையிலான இடைவெளி மிக ஒடுக்கமானது என்பதால் அந்த இடம் இலவசமாகக் கிடைக்காது. மூன்றாவது, பிளாற்றினம்-மங்கனீசுக்கு மாறுவது. அது உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும். ஆனால் 15 நானோமீற்றர் அளவு தடிப்பைக் கேட்கும்.

உருத்தேனியத்தின் தடிப்பையும் இதோடு சரிபாருங்கள். 0.8 நானோமீற்றர் என்பது ஏறத்தாழ நான்கு அணுப்படை. சற்று மாறினாலும் எதிர்ப்பிணைப்பு பலவீனமாகிவிடும். பிணைப்பு நல்ல நிலையில் இருந்தால் இரு படைகளின் காந்தத் திருப்பங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வெளிப்புலத்துக்கு இழுக்கப் பிடி கிடைக்காது. அதே பிடிப்புப் படையோடு உணரி கூடுதல் புலத்தையும் சூட்டையும் தாங்கும். என் அனுபவத்தில் செலவுக்கு அதிக பலன் தருவது இதுதான்.

நிலைப் படையை 250 பாகையில் பதித்தபோது சுயாதீனப் படையின் இலகு அச்சும் (அதன் காந்தத் திசை இயல்பாக நிற்க விரும்பும் கோடு) அதே பக்கம் சாய்ந்திருக்கும். நேர்கோட்டுத் துலங்கலுக்கு இரண்டும் செங்குத்தாக இருக்கவேண்டும் என்பதால், தடுப்பு வெப்பநிலைக்கு நன்கு கீழே, சிறிய புலத்தைக் குறுக்கே கொடுத்து இரண்டாவது, குறுகிய பதப்படுத்தல் செய்யுங்கள். இந்த இரண்டின் வரிசையை மாற்றினால் முதல் வேலை வீணாகும்.

7. படைகள் கலந்தால்: பரவலைத் தடுத்தல்

நிக்கலும் செப்பும் எந்த விகிதத்திலும் ஒன்றிலொன்று கரையும். கோபாற்றும் செப்பும் அப்படிக் கரைவதில்லை. நம் அடுக்கில் செப்புக்கும் நிக்கல்-இரும்புக்கும் இடையே 1 நானோமீற்றர் கோபாற்று-இரும்பு இருப்பது அதற்காகவே. அதை மிக மெலிதாக்கினால் படலம் தொடர்ச்சியாக இராது. இடைவெளி வழியே நிக்கல் இறங்கும். சுயாதீனப் படை மென்மையாகத் திரும்பவேண்டும் என்று இந்தப் படையைக் குறைக்க ஆசைப்படுபவர்கள் 250 பாகைச் சோதனையை முதலில் செய்யட்டும்.

அடுத்த குற்றவாளி மங்கனீசு. அது பளிங்குமணி எல்லைகள் வழியே மேலேறி, நிலைப் படையைத் தாண்டி, இடைப்படையையும் எட்டும். மணி பெரிதானால் எல்லைகள் குறைவதால் ஆறாம் படியின் திருத்தம் இங்கும் உதவும். உருத்தேனியம் ஓரளவு வேலிபோலத் தடுக்கும். நிலைப் படைக்குள் ஒரு நானோமீற்றருக்கும் குறைவான ஒட்சைட்டுப் படையைப் புகுத்துவது இன்னும் நல்ல வேலி. அது இலத்திரன்களைத் தெறிக்கவிட்டுத் தடைமாற்றத்தையும் சற்று உயர்த்தும். ஆனால் ஒட்சியேற்றம் சிறிது மிஞ்சினாலும் பிணைப்பு அறுந்துவிடும் என்பதால், பூசுபவரோடு தெளிவாகப் பேசி, இரண்டு மூன்று ஒட்சியேற்ற நேரங்களில் தனித்தனி வேபர் கேளுங்கள்.

சுரங்கத் தடை உணரியில் பதப்படுத்தலே உயிர்: கோபாற்று-இரும்பு-போரன் படை 300 பாகைக்கு மேல் சூடானால்தான் மகனீசியம் ஒட்சைட்டைப் பின்பற்றிப் பளிங்காகும், போரன் அருகிலுள்ள தந்தாலத்துக்குள் ஒதுங்கும். 400-ஐ நெருங்கும்போது தந்தாலமே தடுப்பை நோக்கி நகரத் தொடங்கும். தந்தாலத்துக்குப் பதிலாக தங்குதனையோ மொலிப்தினத்தையோ வைத்தால் அந்த எல்லை உயரும்.

8. தன்வெப்பத்தைக் குறைத்தல்

தன் மின்னோட்டத்தால் எவ்வளவு சூடாகிறது என்று அறிய, உணரிக்கு அது தானே வெப்பமானி. துண்டைச் சூளையில் மெதுவாகச் சூடாக்கி, மிகச் சிறிய மின்னோட்டத்தில் தடை-வெப்பநிலைக் கோட்டை எடுங்கள். பிறகு அறை வெப்பநிலையில் மின்னோட்டத்தை ஏற்றித் தடை ஏறும் அளவை அதே கோட்டில் வைத்துப் பார்த்தால் உள்வெப்பநிலை கிடைக்கும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், மின்னோட்டத்தைக் கால்பங்கு குறைத்தாலே சூடு கிட்டத்தட்டப் பாதியாகும். சூழவுள்ள காவலி அலுமினியம் ஒட்சைட்டாக இருந்தால் அது வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. அலுமினியம் நைத்திரைட்டு மேல்.

9. ஆயுளை மதிப்பிடுதல்

100, 125, 150, 175 பாகையில், நிலைப் படையின் திசைக்கு எதிரான புலத்தில் துண்டுகளை வைத்து, ஒரு நிமிடம், பத்து நிமிடம், நூறு நிமிடம், ஒரு நாள் என்ற இடைவெளிகளில் நிலைப் படை புரளும் புலத்தை அளவுங்கள். புலமில்லாமல் செய்யும் சோதனை உணரியை உண்மையைவிட நல்லதாகக் காட்டும். தலைக்குள் எப்போதும் அயல் புலம் உண்டு.

வீழ்ச்சி ஒரே அடுக்குக்குறி வளைவாக வராது. மணிகளின் பருமன் பரந்திருப்பதால் அது நேரத்தின் மடக்கையோடு ஏறத்தாழ நேர்கோடாக இறங்கும். எனவே நேர அச்சை மடக்கை அளவிடையில் வையுங்கள். சாதாரண அச்சில் வரைந்தால் முதல் மணி நேரத்துக்குப் பின் எல்லாம் நின்றுவிட்டதுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும்.

250-க்கு மேல் செய்த சோதனையிலிருந்து 100 பாகை ஆயுளைக் கணிக்கவேண்டாம். அங்கே நடப்பது பெரும்பாலும் பரவல். இங்கே நடப்பது திசை விலகல். இரண்டின் ஏவற்சக்தியும் (மாற்றம் தொடங்கத் தேவையான சக்தி) வேறு என்பதால் அந்தக் கோட்டை நீட்டினால் தவறான இடத்தில்தான் போய் நிற்கும். சோதனை முடிந்த ஒவ்வொரு துண்டையும் ஐந்தாம் படியின் தீர்ப்புச் சோதனைக்கு ஒரு தடவை அனுப்பி, திரும்பி வந்ததா இல்லையா என்பதை வெப்பநிலை, நேரம், புலத்தின் அளவு, புலத்தின் திசை ஆகியவற்றோடு அதே வரியில் எழுதுங்கள். திசையைக் குறிக்கத் துண்டின் பின்புறத்து அம்புக்குறியையே ஆதாரமாகக் கொள்ளுங்கள்.